சர்வர் இல்லாமல் பிரிண்ட்: டபிள்யூஎஸ்டி போர்ட்டா, டிசிபி/ஐபி போர்ட்டா?

விண்டோஸில் 'ஆட் பிரிண்டர்' கொடுத்தால் பல சமயம் டபிள்யூஎஸ்டி போர்ட்தான் (நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தானே தேடிப் பிடிக்கும் இணைப்பு) தானாக அமையும். ஐபி முகவரி தேட வேண்டாம். ஒரே ரவுட்டரில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் என்றால் அதுவே போதும். ஆனால் தேடல் மல்டிகாஸ்ட்டில் (பல சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் போகும் அழைப்பு) நடப்பதால், வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறு பிரிவு) உள்ள பிரிண்டர் கண்ணில் படாது. நன்றாக ஓடும் பிரிண்டரையே 'ஆஃப்லைன்' என்று காட்டும் தொல்லையும் உண்டு.

அலுவலகத்துக்கு டிசிபி/ஐபி போர்ட்டையே (பிரிண்டரின் ஐபி முகவரிக்கு நேராக அனுப்பும் இணைப்பு) போடுங்கள். முதலில் ரவுட்டரில் டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகப் பங்கிடும் முறை) ரிசர்வேஷன் போட்டு, பிரிண்டரின் மேக் முகவரிக்கு (சாதனத்தின் வன்பொருள் எண்) நிலையான ஐபி கொடுங்கள். இதை விட்டால், ஒரு மின்வெட்டுக்குப் பின் முகவரி மாறி எல்லா கம்ப்யூட்டரிலும் பிரிண்ட் நின்றுபோகலாம். பிறகு பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட். ப்ரோட்டோகால் ரா (Raw), போர்ட் எண் 9100. பிங் (பிரிண்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போயும் 'ஆஃப்லைன்' என்கிறதா? கான்ஃபிகர் போர்ட்டில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் வசதி) டிக்கை எடுத்துவிடுங்கள்.