பேட்மேன் அனிமேஷன் தொடர், ப்ளூ-ரே பெட்டி: கறுப்புத் தாளுக்காகவே வாங்கலாம்

1992-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ 2018-ல் ப்ளூ-ரே பெட்டியாக வந்தது. பழைய 85 அத்தியாயங்கள், பின்னால் எடுத்த 24, கூடவே இரண்டு முழுநீளப் படங்கள். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித்தருகிறவன் நான். அதனால் முதலில் படத்தைப் பற்றித்தான் பேசுவேன்.

கார்ட்டூன் பின்னணியை வெள்ளைத் தாளில் தீட்டுவதுதான் அன்றைய வழக்கம். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கி இதற்குக் கறுப்புத் தாளை எடுத்துக்கொண்டார். அதன்மேல் வெளிச்சத்தை மட்டும் தீட்டினால் போதும்: ஒரு ஜன்னல் விளிம்பு, தெருவிளக்கு, வானத்தில் மிதக்கும் போலீஸ் கப்பலின் சிவப்பு விளக்கு. மிச்சமெல்லாம் தாளே. முன்பு நான் பார்த்த டிவிடியில் அந்தக் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. இதில் கருகருவென்று இருக்கிறது, தூரிகை இழுத்த தடம்கூடக் கண்ணில் படுகிறது. செல் (உருவங்களை வரையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) மேல் ஒட்டிய தூசியும் சேர்ந்தே தெரியும். கையால் செய்த வேலை, அப்படித்தான் இருக்கும். பழைய டிவியின் சட்டத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டாதது பெரிய விஷயம்.

பெட்டியைப் பிரித்ததும் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அத்தியாயத்தைப் போடுங்கள். இதில் வில்லனான மிஸ்டர் ஃப்ரீஸ் 1959-ல் காமிக்ஸில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்தவன். உறையவைக்கும் துப்பாக்கியைத் தவிர அவனிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எழுதிய பால் டினி அவனுக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். தீராத நோய், அவளை உறைநிலையில் வைத்து மருந்து தேடுகிறான், கம்பெனி முதலாளி வந்து கருவியை நிறுத்தச் சொல்கிறான். கண்ணாடிக் குமிழுக்குள் சுற்றும் பாலே பொம்மையைப் பார்த்து ஃப்ரீஸ் பேசும்போது குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. வாய்விட்டு அழுதிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சண்டையும் அழகு: சளி பிடித்த பேட்மேனுக்கு வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் கொடுத்தனுப்பிய கோழி சூப் ஃபிளாஸ்க்தான் கடைசியில் ஆயுதம். சூடு பட்டதும் ஃப்ரீஸின் உறைந்த தலைக்கவசம் விரிசல் விடுகிறது. இந்த நோரா கதையைப் பிறகு காமிக்ஸும் எடுத்துக்கொண்டது. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின்னும் இங்கே பிறந்து அங்கே போனவள்தான்.

அடுத்து ‘பிவேர் தி கிரே கோஸ்ட்’. சிறுவன் புரூஸ் (பேட்மேனின் நிஜப் பெயர்) அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்த நாயகன், இப்போது வாய்ப்பில்லாமல் பொருள்களை விற்றுப் பிழைக்கும் கிழட்டு நடிகர். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட், 1966-ல் டிவியில் பேட்மேனாக நடித்தவர். அவர் முன்னால் கெவின் கான்ராய் குரல் கொடுத்த பேட்மேன் “நீங்கள்தான் எனக்கு முன்மாதிரி” என்கிற பாவனையில் நிற்பதைப் பார்க்க வேண்டும். புரூஸுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல் என்று கான்ராய் பிரித்துக்கொண்டது இந்த இடத்தில் துல்லியமாகக் கேட்கும்.

எல்லா அத்தியாயமும் இந்தத் தரம் இல்லை. வரைந்த ஸ்டுடியோக்கள் பல; சிலவற்றில் முகம் காட்சிக்குக் காட்சி மாறும். பின்னால் வந்த 24-ல் உருவங்களை மாற்றி ஜோக்கரின் சிவந்த உதட்டையே எடுத்துவிட்டார்கள், அது எனக்கு ஒட்டவே இல்லை. தமிழ் ஒலி கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.