ரேடியேட்டரும் உண்டு, ஃபின்னும் உண்டு: ஸ்பீட் 400-ஆ, கிளாசிக் 350-ஆ?

ட்ரையம்ஃப் ஸ்பீட் 400-ஐ வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா சுற்றிவந்து பார்த்தார். இருபது வருஷம் காஸ்ட் அயர்ன் புல்லட் ஓட்டியவர். எஞ்சின் ஹெட்டில் இருக்கும் ஃபின்களை, அதாவது காற்றில் சூட்டைத் தணிக்கும் தகடுகளை, விரலால் தடவிவிட்டு, "முன்னால ரேடியேட்டர் இருக்கு. அப்புறம் இந்த ஃபின் எதுக்குடா?" என்று கேட்டார். அழகுக்குத்தான் என்றேன். "ஓ, மீசை மாதிரி" என்றார்.

இந்த வண்டியைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. உருண்டை விளக்கு, திரண்ட டேங்க், காற்றில் குளிரும் எஞ்சின் என்று நம்ப வைக்கும் ஃபின்கள். உள்ளே இருப்பதோ லிக்விட் கூலிங் (ரேடியேட்டர் வழியே ஓடும் திரவம்தான் எஞ்சினைக் குளிர்விக்கும்), வால்வுகளைத் திறக்க இரட்டை கேம்ஷாஃப்ட், நான்கு வால்வு, கேபிளுக்குப் பதில் மின்னணு ஆக்சிலரேட்டரான ரைடு பை வயர். அதே மாதம் என் மச்சான் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 எடுத்தார். அந்த வண்டியில் ஃபின்கள் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஒன்றரை வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் தேறியதை எழுதுகிறேன். என் காசு ஸ்பீட் 400-இல் போயிருக்கிறது; அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

பெயரளவில் இரண்டுமே இங்கிலாந்து வண்டிகள். கிளாசிக் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது, ஸ்பீட் புனே அருகே சாக்கனில் பஜாஜ் தயாரிப்பது. ஸ்பீட் 400 வந்த 2023 ஜூலையில் ஷோரூம் விலை 2.33 லட்சம், கிளாசிக்கின் மேல்வகைகளுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதற்கு மேல் 40% என்று ஆகிவிட்டதால், இன்றைய விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்வது நல்லது.

கிளாசிக் 349 சிசி, 20.2 பிஎஸ் (குதிரைத்திறன்). ஸ்பீட் 398 சிசி, 40 பிஎஸ். ஐம்பது சிசிதான் கூட, பவர் இரண்டு மடங்கு. எடையும் கிளாசிக்கின் 195 கிலோவுக்கு எதிரே ஸ்பீட் 176. நாற்கரச் சாலையில் யார் முன்னால் போவார் என்பதற்கு அலசல் தேவையில்லை.

ஆனால் குணம் வேறுபடுவது சிலிண்டருக்குள்ளே. கிளாசிக்கின் போர் (சிலிண்டரின் விட்டம்) 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 85.8. ஒடுங்கிய, ஆழமான கிணறு மாதிரி. ஸ்பீடில் தலைகீழ்: போர் 89, ஸ்ட்ரோக் 64. அகலமான, ஆழமில்லாத தொட்டி. பிஸ்டன் போய்வரும் தூரம் குறைவு என்பதால் வேகமாகச் சுற்ற முடிகிறது, சுற்றினால்தான் பலமும் வருகிறது. கிளாசிக்கின் முழு டார்க், அதாவது முறுக்குவிசை, 27 என்எம்; எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதே கிடைத்துவிடும். ஸ்பீடின் 37.5 என்எம்முக்கு 6,500 வரை முறுக்க வேண்டும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இது பளிச்சென்று தெரியும். மச்சான் இரண்டாவது கியரில் டுப்டுப்பென்று சாவகாசமாக வளைந்து ஏறுவார். நான் அதே வளைவில் இரண்டாவதில் போனால் எஞ்சின் முட்டும். முதல் கியருக்கு இறங்க வேண்டும். வளைவு முடிந்ததும் நான் காணாமல் போய்விடுவேன் என்பது வேறு கதை. பழைய வண்டி மாதிரி இருக்கிறதே என்று பழைய வண்டி மாதிரியே ஓட்ட நினைத்தால், ஸ்பீட் அடம்பிடிக்கும்.

இனி பராமரிப்பு. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

"கிளாசிக்னா தெருமுனை மெக்கானிக்கே பார்த்துடுவாரு மாப்ள" என்பது மச்சானின் வாதம். அப்பாவின் புல்லட்டுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. 2021-இல் வந்த புது கிளாசிக்குக்குப் பாதிதான் உண்மை. அதிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார்கள், ஏபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தெருமுனையில் அதைப் படிக்கும் கருவி இருந்தால்தான் ஆச்சு. ஆயில், செயின், டேப்பெட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) வரைக்கும் தெருமுனை மெக்கானிக் பார்த்துவிடுவார். ஸ்பீடில் அந்த டேப்பெட் வேலையையும் அவரிடம் கொடுக்க மாட்டேன். ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்கிற அமைப்பு இல்லை. ஷிம் என்கிற சின்ன உலோக வில்லையை அளவெடுத்து மாற்ற வேண்டும். அது பழகிய கையும் சரியான ஷிம்மும் வேண்டிய வேலை.

அடுத்தது சர்வீஸ் இடைவெளி. ஸ்பீடுக்கு 16,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. விளம்பரத்தில் முதல் பாதி பெரிதாகத் தெரியும். நான் மாதம் 900 கி.மீ. ஓட்டுகிறவன், வருஷத்துக்கு 11,000-கூடத் தாண்டுவதில்லை. எனக்கு அந்த 16,000 வெறும் அலங்காரம், ஃபின் மாதிரியே. ஆனாலும் வருஷத்துக்கு ஒரே தடவை என்பது பெரிய நிம்மதி. தேனியிலிருந்து மதுரைக்கு 75 கி.மீ. போய் சர்வீஸ் விடுகிறவனுக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிச்சம் என்பதுதான் கணக்கு. கிளாசிக்குக்கு 5,000-க்கு ஒரு பார்வை, 10,000-க்கு ஆயில் என்று மச்சான் போய்வருகிறார். உள்ளூரிலேயே என்பதால் அவருக்கு வலிக்கவில்லை. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருந்தால் என் வாதம் இங்கேயே பாதி செத்துப்போகும்.

ரேடியேட்டர் கூடுதல் பொறுப்புதான். கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவைப் பார்க்க வேண்டும், சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது, மழைக்காலத்துச் சேற்றைக் கழுவ வேண்டும். முன்சக்கரம் எறியும் கல்லுக்குப் பயந்து வலை ஒன்று மாட்டியிருக்கிறேன். ஸ்பீடின் பின்பக்க 150 மி.மீ. அகல ரேடியல் டயரின் விலையைக் கேட்டபோது மச்சான் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பதிலுக்கு நான் சிரித்தது, அவருடைய ஸ்போக் சக்கரத்தில் டியூப் பஞ்சராகி, பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வெயிலில் நின்ற அன்றைக்கு. கிளாசிக் எடுப்பவர்கள் அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர் உள்ள வகையைப் பாருங்கள்.

மறுவிற்பனை பற்றி அனுபவத்திலிருந்து சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; இரண்டையும் இன்னும் விற்கவில்லை. எங்கள் பக்கத்தில் கிளாசிக் விற்பனைக்கு என்றால் டீக்கடையில் சொன்னாலே ஆள் வந்துவிடும், ஸ்பீடை விசாரித்து இதுவரை ஒருவர்தான் வந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர் என்றால் யோசிக்காமல் கிளாசிக் எடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை. அப்பாவின் புல்லட்டே இன்னும் மாட்டுக்கொட்டகையில்தான் நிற்கிறது.