வேட்டைக்காரருக்குத் தனி இருக்கை: கொலராடோவா, வாஷிங்டனா?

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களின் பழைய மனக்குறை ஒன்று உண்டு. உரிமக் கட்டணம் அவர்கள் கட்டுவது; 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரியும் வனவிலங்குப் பணிக்கே போகிறது. ஆனால் வேட்டை விதிகளை வகுக்கும் மாநில வனவிலங்கு ஆணையத்தில் யார் உட்காருவது என்பதை ஆளுநர் முடிவு செய்கிறார்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஆணையர்கள் 9 பேர். காஸ்கேட் மலைக்குக் கிழக்கே வசிப்பவர் 3, மேற்கே வசிப்பவர் 3, மாநிலத்தில் எங்கிருந்தும் 3. வேட்டைக்காரருக்கென்று இடம் கிடையாது. எல்லாத் தரப்புக்கும் சமநிலை காண ஆளுநர் முயல வேண்டும், அவ்வளவுதான். 'முயல' என்ற சொல்லை வைத்துக்கொண்டு யார் வழக்காடுவது? 2022இல் வசந்தகாலக் கரடி வேட்டையை ஆணையம் நிறுத்தியபோது கோபம் முழுவதும் நியமனங்கள் மீதே திரும்பியது. விலங்குநல ஆர்வலர்களோ, காட்டுயிர் எல்லோருக்கும் பொதுச்சொத்து என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

கொலராடோவில் வாக்குள்ள உறுப்பினர்கள் 11 பேர். வேட்டை, மீன்பிடிப்புத் தரப்புக்குச் சட்டமே 3 இடம் ஒதுக்குகிறது, விவசாயிகளுக்கும் 3. வேட்டைக்காரனாக இருந்தால் நான் இதைத்தான் கேட்பேன். ஆனால் 3 பேர் 11 பேரில் பெரும்பான்மை ஆகமாட்டார்கள். அந்த மூவரையும் பொறுக்குவது அங்கும் ஆளுநரே.