பெரியம்மாவோட பராமரிப்பு மனு: ஒரு வருஷம் கழிச்சு

இலவச சட்ட உதவிலாம் வேஸ்ட்டாடானு நேத்து ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், அவங்க அப்பாவுக்காக, புள்ளைங்ககிட்ட பராமரிப்பு பணம் கேட்டு மனு போடணுமாம்.

வேஸ்ட்டுலாம் இல்ல மாப்ள. பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்காம இலவசம், சட்ட உதவி ஹெல்ப்லைன் 15100க்கு போன் போட்டா வழி சொல்றாங்க, பெரியம்மாவுக்கு வந்த பாராலீகல் அக்கா (சட்ட உதவி தன்னார்வலர், வக்கீல் இல்ல) திண்ணைலயே உக்காந்து மனு எழுதி கைரேகை வாங்கிட்டு போனாங்க, டீ மட்டும்தான் குடிச்சாங்க. பெத்தவங்கள, வயசானவங்கள பராமரிக்கணும்ங்கிற 2007 சட்டம், விசாரணை ஆர்டிஓ ஆபீஸ்ல (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆர்டிஓ இல்ல), வக்கீல் வேணாம்னுதான் சட்டத்துலயே இருக்கு. அதுவரைக்கும் குறையே சொல்ல மாட்டேன்.

என் கடுப்பு ஒண்ணே ஒண்ணு. "முதல்லேர்ந்து சொல்லுங்க பாட்டி." ஹெல்ப்லைன்ல கேட்டாங்க, சட்ட உதவில கேட்டாங்க, சமூக நலத்துல கேட்டாங்க, அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் கிளார்க்கு, யோவ் மனு உன் டேபிள்லதான்யா கெடக்கு, படிச்சா என்ன? பட்டா மாத்த வந்த கூட்டம் சுத்தி நிக்குது, பெத்த புள்ள சோறு போடலனு அதுக்கு நடுவுல சத்தமா சொல்லணும், ஏன்னா கிளார்க்குக்கு ஃபேன் சத்தத்துல கேக்கலயாம். முதல்ல பெரியம்மா அழுதுச்சு. அப்புறம் அழுகை நின்னு கதை சுருங்க ஆரம்பிச்சுது. விசாரணை அன்னைக்கு நேரா "எம்புள்ள நல்லவன்தான் சார், குறுவைக்கு கடன் வாங்கிட்டான்"னு அவனுக்கு வக்காலத்து வாங்குது! மாசம் 10,000 வரைக்கும் போட சட்டத்துல இடம் இருக்கு, கெடச்சது அதுல கால்வாசி கூட இல்ல. பின்ன எப்படி கிடைக்கும்?

நிலம் கதை வேற. குடமுருட்டி ஓரம் ரெண்டு மா நஞ்சை, பையன் பேருக்கு செட்டில்மெண்ட், பத்திரத்துல அன்பு பாசம்னுலாம் இருக்கு, கடைசிவரை பாத்துக்கணும்னு ஒரு வரி இல்ல. அந்த வரி இருந்து அவன் பாக்கலன்னா அதே 2007 சட்டத்தோட 23வது பிரிவுல பத்திரத்தையே செல்லாதுனு ஆக்க சொல்லலாம். 2022ல சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனை இருக்கணும்னுச்சு, 2025 ஜனவரில இன்னொரு தீர்ப்பு சட்டத்த கொஞ்சம் தாராளமா பாக்கணும்னுச்சு, நாம எதுக்கு ரிஸ்க் எடுக்கணும், உங்கப்பா இன்னும் எழுதி வைக்கலன்னா அந்த வரிய மொதல்ல போட சொல்லு.

இன்னைக்கு தேதி 9, இந்த மாச பணம் இன்னும் வரல. வாரண்ட் கேட்டு மனு போடலாம், ஒரு மாசம் வரை உள்ள வைக்கவும் சட்டத்துல இருக்கு, ஆனா பெரியம்மா "போடா, திரும்ப அந்த ஜன்னல்ல போய் நிக்க சொல்றியா"ங்குது. புள்ள ஜெயிலுக்கு போறது கூட ரெண்டாவது கவலை அதுக்கு.

அதனால இந்த மொத்த நடைமுறைக்கும் என் மார்க் 5க்கு 2. இருந்தாலும் நீ திங்கக்கிழமையே அப்பாவ கூட்டிட்டு போய் மனு போட்டுடு. ஆதார், பத்திர நகல் எடுத்துக்க, நடந்ததெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி நாலஞ்சு ஜெராக்ஸ் போட்டுக்க, எவன் முதல்லேர்ந்து சொல்லுங்கனு கேட்டாலும் ஒண்ண நீட்டி படிச்சுக்கங்க சார்னு சொல்லு.