காரணம் சொல்லும் முன்னறிவிப்பு: அமெரிக்க வானிலை மையத்தின் இரண்டு நாள் அறிக்கை

மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் இயங்கும் அமெரிக்க வானிலை முன்கணிப்பு மையம், நாடு முழுமைக்குமான குறுகிய கால வானிலை விளக்கம் ஒன்றை நாள்தோறும் இருமுறை கட்டணமின்றி வெளியிடுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெடுந்தூரம் கார் ஓட்ட வேண்டியிருந்தால், முந்தைய நாளே இதைத் தவறாமல் படித்துவிடுகிறேன். கைப்பேசிச் செயலி காட்டும் மேகப் படத்தையும் மழை விழுக்காட்டையும் விட இதுவே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

மழை வரும் என்பதோடு நில்லாமல், அது ஏன் வருகிறது என்பதையும் இந்த அறிக்கை சொல்கிறது. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றின் அடியில் ஆப்பு போல நுழைந்து அதை மேலே தள்ளுகிற எல்லைதான் குளிர் முகப்பு. அது இன்று மாலை எந்த மாநிலத்தில் இருக்கும், நாளை எங்கே நகரும், அதற்கு முன்னால் இடிமழை எவ்வளவு, பின்னால் உறைபனி உண்டா என்பதெல்லாம் சில பத்திகளிலேயே விளங்கிவிடுகின்றன. இதைப் படித்த பிறகு வாசலில் நின்றாலே போதும். தெற்கிலிருந்து புழுக்கமாக வீசிக்கொண்டிருந்த காற்று, மழை கொட்டி ஓய்ந்ததும் வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கி ஸ்வெட்டரைத் தேட வைக்கும்போது, முகப்பு கடந்துவிட்டதை வரைபடம் இல்லாமலே உணரலாம். பசிபிக் பக்கம் நிலைமை வேறு: அங்கே வரும் முகப்புகள் கரையோரத்தில் மழையாகவும் காஸ்கேட் மலையின் உயரங்களில் பனியாகவும் இறங்குகின்றன.

கனமழை அபாயத்தை நான்கு படிகளாகப் பிரித்திருப்பதும் நல்ல ஏற்பாடே. ஆனால் இரண்டாம் படிக்குச் 'சிறு அபாயம்' என்று பொருள்படும் பெயரை வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓரிடத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள், திடீர் வெள்ளத்தை உண்டாக்கும் அளவை மழை தாண்டுவதற்குக் குறைந்தது 15 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். பள்ளமான சாலையில் போக வேண்டியவர் அதைச் சிறியதென்று ஒதுக்கிவிட முடியாது.

நேரக் குறிப்பிலும் கவனம் வேண்டும். முன்கணிப்பு பொருந்தும் கால அளவு உலகப் பொது நேரத்தில், 'இசட்' என்ற எழுத்தோடு தரப்படுகிறது. வெள்ளிக்கிழமை 00 இசட் என்றால் அக்டோபரில் கிழக்குக் கரையில் அது வியாழன் இரவு 8 மணி. பக்கத்திலேயே உள்ளூர் நேரத்தையும் தந்திருந்தால் பயணத்தைத் திட்டமிடுவோருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

நம் ஊரில் எத்தனை மணிக்கு மழை தொடங்கும் என்பதற்கு இதில் விடை இல்லை. நாடெங்கும் உள்ள 122 உள்ளூர் வானிலை அலுவலகங்களின் கணிப்புகளைத்தான் அதற்குப் பார்க்க வேண்டும். முகப்பின் போக்கை இதில் படித்து மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே நான் உள்ளூர்க் கணிப்பைத் திறக்கிறேன்.