86,000 ரூபாய் போச்சு! பழைய கக்கூஸ் இரும்பு பைப்பை மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

நேற்று ராத்திரி எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவர் வழியாகக் கக்கூஸ் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புது பைப் போட்டு ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை. வயிறு எரிகிறது. எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

மும்பை மாட்டுங்காவில் எங்களுடையது தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள பழைய கட்டடம். பின்சுவரில் நாலு வீட்டுக் கக்கூஸுக்கும் சேர்த்து ஒரே நாலு அங்குல வார்ப்பிரும்பு பைப். ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்த ஜாயிண்ட்டுகள். அந்தக் காலத்து வேலை, இத்தனை வருஷம் தாங்கியது. இப்போது நெடுக விரிசல் விட்டதால், மழைக்கு முன்னால் பிளாஸ்டிக் பைப்பாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு 21,500 வீதம் மொத்தம் 86,000 ரூபாய். மூன்றாம் மாடி மாமா பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வேலையைக் கொடுத்தது சானிட்டரி சாமான் விற்று, பிளம்பிங் காண்ட்ராக்டும் எடுக்கிற ஒரு கடைக்கு. பெயர் வேண்டாம். முதலாளி நம் ஊர்க்காரர். அவரே நேரில் வந்து இரும்பு பைப்பை ஸ்பேனரால் தட்டினார். துரு பாளம் பாளமாக உதிர்ந்தது. "பாருங்கக்கா, இதுல பைப் எங்க இருக்கு? துருதான் நிக்குது" என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு 110 மில்லிமீட்டர் பைப் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். ஐஎஸ்ஐ முத்திரை, 13592 என்ற எண், பக்கத்திலேயே 'டைப் பி' என்று அச்சடித்திருந்தது. "டைப் ஏ காத்துக்கும் மழைத்தண்ணிக்கும் போடறது. கனம் 2.2 மில்லிமீட்டர்தான். கக்கூஸ் லைனுக்கு டைப் பி போடணும், அது 3.2. சில பேரு ஏ-வைப் போட்டு ஏமாத்துவாங்க. நான் அந்தப் பாவத்தைப் பண்ண மாட்டேங்க்கா" என்றார். இவ்வளவு விவரமாகச் சொல்கிற மனுஷனை யார்தான் நம்ப மாட்டார்கள்? அங்கேயே 60,000 கொடுத்தோம். மீதியை வேலை முடிந்த அன்றைக்கே வாங்கிக்கொண்டார். கழற்றிய இரும்பையும் "குப்பையை நாங்களே எடுத்துட்டுப் போறோம்" என்று டெம்போவில் ஏற்றிப் போய்விட்டார்கள். அது காயலான் கடையில் எடை போட்டு விற்கிற சரக்கு!

இன்று காலை வேறொரு பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தார். அச்செழுத்து முழுக்கச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறது. மேலிருந்து கீழ்வரை டைப் ஏ. கடை முதலாளி தன் வாயால் பாவம் என்று சொன்ன அதே பைப்!

அதோடு நிற்கவில்லை. பிளாஸ்டிக் வெயிலில் நீளும், அதனால் ஜாயிண்ட்டில் ரப்பர் ரிங் போட்டு கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் பசை போட்டு இறுக்கிவிட்டார்கள். மேற்கு வெயில் முழுக்க விழுகிற சுவர் அது. கிளாம்ப்பும் போதவில்லை, பைப் வில்லாக வளைந்து இரண்டாம் மாடி ஜாயிண்ட் வாய் பிளந்து நிற்கிறது. கீழே சேம்பருக்கு, அதாவது தரையில் இருக்கிற சாக்கடைத் தொட்டிக்குப் போகிற பழைய இரும்போடு சேர்க்கிற இடத்தில் சாக்கைத் திணித்து மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்குத் தண்ணீர் இறங்கியது அங்கேதான். மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டிய காற்றுக்குழாயையும் பாதியில் வெட்டி மூடிவிட்டார்கள். மேல்வீட்டில் ஃபிளஷ் பண்ணினால் எங்கள் நஹானி டிராப்பில் (குளியலறைத் தரையில், நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம்) தண்ணீர் களகளவென்று உறிஞ்சிக்கொண்டு போகிறது, அப்புறம் வீடு முழுக்க நாற்றம்.

முதலாளிக்குப் போன் செய்தால், "பைப் மாட்டுன ஆளு நம்ம ஸ்டாஃப் இல்லக்கா, வெளி ஆளு" என்கிறார். பணத்தை வாங்கியது யார்? ஃபோட்டோ அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கிற பையன் "சேட் ஊருக்குப் போயிருக்கார்" என்கிறான், உள்ளே அவர் குரல் கேட்கிறது! கடைசியாக "மழை நிக்கட்டும், பார்க்கலாம்" என்றார். மழை நிற்கிறவரை நாலு குடும்பம் கக்கூஸுக்கு எங்கே போவது? 86,000 ரூபாய் வாங்கினவர் பேசுகிற பேச்சா இது? கீழ்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல். அவர் சமைக்கிற இடத்தில் அந்தத் தண்ணீர்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சாம்பிளை நம்பாதீர்கள். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பைப்பிலும் டைப் பி இருக்கிறதா என்று படியுங்கள், எழுத்து வெளிப்பக்கம் தெரிய மாட்டச் சொல்லுங்கள். அடியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் மீதிப் பணம். பில்லில் பைப் வகையை எழுதி வாங்குங்கள். பழைய இரும்புக்கு விலை பேசுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. சயான், செம்பூர் பக்கம் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்த பிளம்பர் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள், இந்த வாரமே வேண்டும்.