தீவுக்குக் கொண்டுபோன ஸூம் எஃப்3: கத்தலைத் தாங்கும், காற்றைத் தாங்காது

கல்லூரிக் குறும்படம் ஒன்றுக்கு ஒலிப்பதிவு என் பொறுப்பு. இடம், கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஒரு தீவு. அங்கே கடை கிடையாது. எதையாவது மறந்திருந்தால் அடுத்த படகு வரும்வரை அது இல்லாமலேதான் எடுக்க வேண்டும். முதல் நாள் முழுக்க ஸூம் எஃப்3 என் தோளில் தொங்கியது.

2022-ல் வெளிவந்த சின்ன ரெக்கார்டர் இது. மைக் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் உள்ளீடு, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, இரண்டு ஏஏ பேட்டரி. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் திருகு இதில் இல்லவே இல்லை. கையில் வாங்கியதும் பழைய ஆட்கள் அதைத்தான் தேடுவார்கள். எல்லாம் 32 பிட் ஃப்ளோட்டில், அதாவது மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒருசேர அடங்கும் முறையில் பதிவாவதால் திருகுக்கு வேலையில்லை. 24 பிட் பதிவில் கொள்ளும் ஒலி வீச்சு சுமார் 144 டெசிபல். ஃப்ளோட்டில் அந்தக் கணக்கு 1,500-ஐத் தாண்டும்.

இதன் அருமை முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. கதாநாயகி படகிலிருந்து இறங்கி, தனக்குள் முணுமுணுக்க வேண்டும். டேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் "கத்து!" என்றார். அந்தப் பெண்ணும் அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டார். முணுமுணுப்புக்கு அளவு வைத்த சாதாரண ரெக்கார்டராக இருந்தால் அந்தக் கத்தல் உடைந்து, கரகரவென்றுதான் கிடைத்திருக்கும். மாலையில் லேப்டாப்பில் போட்டு அளவை இறக்கினேன். கத்தலும் சுத்தம், முணுமுணுப்பும் சுத்தம். எப்போது கத்தச் சொல்வார் என்று தெரியாத மாணவ இயக்குநரோடு வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் காற்று விஷயம் வேறு. வாடகைக்கு எடுத்த மைக்கோடு வெறும் ஸ்பாஞ்ச் உறைதான் தந்திருந்தார்கள். அறைக்குள் அது சரி. கடற்கரையில் படபடவென்று அடித்துத் தள்ளியது. காற்று மைக்கின் சவ்வையே பிடித்து உலுக்குகிறது. ஒலி ரெக்கார்டருக்கு வந்து சேரும் முன்பே கெட்டுவிடுகிறது. எத்தனை பிட்டில் பதிந்தாலும் கெட்டது கெட்டதுதான். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் உறுமல் குறையும், படபடப்பு போகாது. நல்லவேளை, கேமராக்காரர் பையில் ஒரு ரோம உறை இருந்தது. அதை ஸ்பாஞ்சின் மேல் மாட்டிய பிறகுதான் வசனம் காதில் விழுந்தது. ரெக்கார்டருக்கு முன்பே ரோம உறைக்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன்.

அலைச் சத்தத்துக்கு ரோம உறையும் உதவாது. அது பேச்சுக்குரிய அலைவரிசைகள் எல்லாவற்றிலும் பரவிக் கிடப்பதால் வடிகட்டி எடுக்க முடியாது. பூமை, அதாவது மைக் மாட்டிய நீளக் கோலை, வாயருகே கொண்டுபோவதுதான் வழி. இன்னொரு தொல்லை கடல் ஏறி இறங்குவது: ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். காலையில் எடுத்த வைட் ஷாட்டில் காலடியில் இரைந்த கடல், மதியம் குளோசப் எடுக்கும்போது தள்ளிப் போயிருந்தது. இரண்டையும் ஒட்டினால் வெட்டு காதில் தெரியும். அதனால் ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் ஒரு நிமிடம் எல்லோரையும் சும்மா நிற்க வைத்துக் கடலை மட்டும் பதிந்துகொண்டேன். இப்படி நிற்கச் சொன்னால் முதலில் பொறுமை இழப்பவர் இயக்குநர்தான்.

இரண்டு சேனல், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் மணிக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி ஆகும். கார்டு செருக ஓர் இடம்தான் இருப்பதால் பதியும்போதே நகல் கிடைக்காது. சாப்பாட்டு இடைவேளையில் லேப்டாப்புக்கு மாற்றிவிடுவது நல்லது. மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் போட்டால் ஏஏ பேட்டரி சீக்கிரம் இறங்கும். யூஎஸ்பி-சி வழியாக பவர் பேங்கில் ஓட்டலாம், நான் அப்படித்தான் ஓட்டினேன்.

ஆளுக்கொரு காலர் மைக் என்று திட்டமிடுபவர்களுக்கு இது வேண்டாம். இரண்டு உள்ளீட்டுக்கு மேல் வழியில்லை. மாலைக் காட்சியில் மூன்று பேர் பேச வேண்டியிருந்தது. மூன்றாமவரின் வசனத்தை இயக்குநர் அங்கேயே வெட்டிவிட்டார். நடித்தவருக்குக் கோபம்தான், ஆனால் காட்சி முன்பைவிட நன்றாக வந்தது.